ஒரே நாளில் இறைத்த கிணறு

திருப்பதியில் பி.எஸ்சி. படித்த காலத்தில் எனக்கு இருந்த திமிருக்கு அளவில்லை. எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே விழும் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, நான் நட்சத்திரம் ஏன் சுருங்குகிறது என்று அளந்துகொண்டிருப்பேன். காது கொடுக்கும் ஒரே ஆள் என் அண்ணன்.

நட்சத்திரத்தை அதன் சொந்த ஈர்ப்பே எந்நேரமும் உள்ளே இழுக்கிறது. உள்ளிருக்கும் சூடான வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரி நிற்கும்வரை உருவம் மாறாது. அழுத்தம் போதாவிட்டால் சுருங்கும். சுருங்கச் சுருங்க உள்ளே சூடேறி, அழுத்தம் கூடி, மறுபடி தாங்கிக்கொள்ளும். இதைப் பரீட்சையில் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் மண் கிணற்றை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. வழக்கமாக மாடு கட்டி, கவலை என்கிற தோல்சாலால் எட்டு நாள் இறைப்பார்கள். அந்த முறை ஊத்துக்கோட்டை மாமா தன் ஆயில் என்ஜினை இரவல் தந்திருந்தார்.

"எல்லை பிரிச்சிட்டா செக்போஸ்ட்ல என்ஜினை மடக்கிப்பான். சீக்கிரம் திருப்பி அனுப்பணும்" என்றார் அப்பா; நாங்கள் நைனா என்போம்.

"மெதுவா இறைக்கலாம் நைனா, மண்ணு ஈரமாக்கீது" என்று அண்ணன் தயங்கினான்.

நான்தான் சிரித்தேன். "இன்னும் மாட்டுக் காலத்துலயே கீறியே! ஒரே நாள்ல இறைச்சிடலாம்."

இறைத்தோம். மாலைக்குள் அடித்தரை தெரிந்தது. அண்ணன் கூடையோடு இறங்கினான்.

அதுவரை சுவரை உள்ளிருந்து தாங்கியது தண்ணீர்தான். சுவருக்குப் பின்னால் மண் நீர் குடித்துக் கனத்திருந்தது. எட்டு நாள் இறைத்திருந்தால் அதுவும் மெல்ல வடிந்திருக்கும். கிழக்குச் சுவர் அப்படியே உள்ளே சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மறுநாள் மதியம்தான் அண்ணனை எடுத்தார்கள்.

ஊர் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றது. நான் சித்தூரில் வாத்தியார் ஆனேன். வருஷா வருஷம் அந்தப் பாடம் வரும். 'அழுத்தம் குறைந்தால்' என்று போர்டில் எழுதியதும் கை நின்றுவிடும், ஈர மண் வாசம் மூக்கில் ஏறும். பையன்கள் முன்னால் பயந்துபோய் நிற்பேன்.

அண்ணனுக்குக் காரியம் முடிந்த அன்று அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நீ இதெல்லாம் படிச்சிக்கினு கீறியே. தண்ணிய எடுத்தா இடியும்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் தலையைத் தடவினாள். "கொயந்த, அவனுக்கு எப்படித் தெரியும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சாகும்வரை அதையேதான் சொன்னாள்.