ஹீட்டரில் காய்ந்த பற்றரி

என் கணவர் சிகரெட்டை விட்டது வேப் என்கிற மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டுதான். அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்து மருத்துவர் முகம் சுளித்த அன்று தொடங்கியது. வேப் கைவிட்டால் மனுசன் மூலையில் இருக்கும் டெப்பனர் கடைக்குப் போய் மறுபடியும் ஒரு பெட்டி சிகரெட் வாங்குவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சனியனை எனக்குப் பிடிக்காவிட்டாலும், எங்கள் வீட்டில் அதைப் பராமரிப்பவள் நான்தான். உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவள். கணக்கில் என்னை யாரும் ஏய்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை, வேலையிடத்து நண்பர் கொடுத்ததென்று பெரிய வேப் ஒன்றோடு வந்தார். பழையதில் ஒரு பற்றரி. இதில் இரண்டு, ஒன்றின் பின் ஒன்றாக. மின்னழுத்தம் இரட்டிப்பு. அதைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு சிப்கூடக் கிடையாது. புகை முகில் முகிலாக வருமாம். சூடேறிப் புகை கிளப்பும் கம்பிச் சுருளை, அந்தப் பழைய கொயிலையே, அதில் பூட்டப் போனார்.

"நில்லுங்கோ. அந்தக் கொயிலின்ரை தடை எவ்வளவு?"

"பொயின்ற் மூண்டு ஓம்ஸ். இவ்வளவு நாளும் அதுதானே?"

சார்ஜ் நிறைந்த இரண்டு பற்றரிக்கும் சேர்த்து எட்டு வோல்ட்டுக்கு மேல் வரும். அதைப் பொயின்ற் மூன்றால் பிரித்தால் இருபத்தெட்டு அம்பியர். அவருடைய பற்றரி தாங்குவது இருபது. வோல்ட் கூடினால் கொயிலின் தடையும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மீசையோடு வாயும் போகும் என்றேன். போதாததற்கு, அவர் கையில் இருந்த பற்றரிகளில் ஒன்று புதிது, மற்றது கிழடு.

"பழசு இன்னும் சாகேல்லை," என்றார். "கொஞ்சம் களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்."

"கலியாணத்துக்குப் பாக்கிறதைவிட இதுக்குப் பொருத்தம் பாக்கவேணும். ரெண்டும் ஒரே இனம், ஒரே வயசா இருக்கவேணும்."

அவர் எழுந்து போனார். கறிக்கு உப்புப் பார்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், கிழட்டுப் பற்றரி ஹீட்டரின் மேல் படுத்திருக்கிறது! எனக்கு உடனே விளங்கிவிட்டது. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வர விடாத காலத்தில், செத்த டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்துத்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். எங்கள் சனத்துக்கு அந்தப் பழக்கம் போகாது. மொன்றியல் தையில் வெயிலுக்கு எங்கே போவது? ஹீட்டர்.

ஆனால் இது லிதியம். சூடு ஏறினால் தீப்பிடிக்கும். அடுப்புத் துணியால் தூக்கிப் பல்கனிச் சீமெந்தில் வைத்தேன்.

"வீட்டைக் கொளுத்தப் பாக்கிறீங்களோ?"

"சிகரெட் ஒருநாளும் வெடிக்கேல்லை," என்றார் அவர்.

அந்தச் சொல் எனக்கு நெஞ்சில் குத்தியது.

அடுத்த நாள் அவரை இழுத்துக்கொண்டு புரோசார்ட்டில் உள்ள வேப் கடைக்குப் போனேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பற்றரிகளும் ஒன்று தசம் இரண்டு ஓம்ஸ் கொயிலும் வாங்கினோம். இப்போது ஏழு அம்பியர்தான். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நானே பூட்டிக் கொடுத்தேன். ஒருமுறை இழுத்தார்.

"புகை காணாது."

ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஜன்னலுக்கு ஓடினேன். பனியில் குனிந்தபடி நேரே டெப்பனருக்குள் நுழைந்தார். என் கணக்கு முழுக்கச் சரி. சரியாக இருந்து என்ன? அந்தக் கடைக் கதவு திறக்கும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டே நின்றேன்.

பால் பையோடு திரும்பி வந்தார். "பால் முடிஞ்சுபோச்செண்டு காலமை சொன்னீர்."

நான் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து மோந்தேன். குளிர் மட்டும்தான் மணத்தது.

"பொக்கற்றையும் பாரும்," என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

வெட்கமில்லாமல் இரண்டு பொக்கற்றையும் பார்த்தேன். வேப்பும் மிச்சச் சில்லறையும்தான் இருந்தன. பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.