பேட்டரி தீர்ந்த டேப்பும் என் பேஸ் கித்தாரும்

பிள்ளைகளே, நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் பேஸ் கித்தார் வாசித்த காலம். ஒருநாள் எங்கள் பேண்டின் தலைவரும் பாடகருமான சேவியர் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சுபாங் ஜெயாவுல ஒரு ஹோட்டல்ல வாராவாரம் வாசிக்க ஆள் தேடுறாங்க. வெள்ளிக்கிழமை நம்ம வாசிப்பக் கேட்டுப் பார்ப்பாங்க. மேனேஜருக்குப் பழைய அமெரிக்க சோல் பாட்டுதான் வேணுமாம். இந்தக் கேசட்ல இருக்கிற பாட்டுல பேஸ்தான் முதல்ல ஆரம்பிக்குது. நீ கவுத்தா எல்லாரும் கவுந்தோம் லா."

கேசட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும்போது, அதை என் டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டுப் பழகினேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் பேஸ் கித்தார் சத்தம் வாசிக்கிறவனுக்கே கேட்காது. அதனால் கித்தாரின் தலையை லோரியின் பக்கப் பலகையில் அழுத்திக்கொண்டு வாசிப்பேன். பலகை முழுக்க அதிரும். பக்கத்து லோரிக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, லோரிக்கு வயித்தால போகுதா?" என்றார்.

அந்தப் பாட்டில் பேஸுக்கு நாலைந்து சுரம்தான். அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கஷ்டம் சுரத்தில் இல்லை, நடுநடுவே கம்பியைத் தொடாமல் சும்மா இருப்பதில்தான். என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வீட்டிலும் விடாமல் வாசித்தேன். உங்கள் அம்மா ரொம்ப நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

எங்கள் எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை. சேர்ந்து ஒத்திகை பார்க்க வழியில்லை. நேராக ஹோட்டலில்தான் சந்தித்தோம்.

நான் ஆரம்பித்தேன். கீபோர்டு வேலு சேர்ந்தான். இரண்டு நாய் சண்டை போட்ட மாதிரி இருந்தது.

"என்னடா, ஒரு கட்டை கீழ நிக்கிற? மாட்டு வண்டி வேகத்துல வேற வர்ற!" என்று வேலு பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. டேப் இழுத்து இழுத்து ஓடியதில் பாட்டு மெதுவாகவும் சுருதி இறங்கியும் கேட்டிருக்கிறது. நானும் அதற்கேற்பக் கம்பிகளைத் தளர்த்தி டியூன் பண்ணியிருந்தேன். அந்த அமெரிக்கப் பாடகரின் குரல் கனமாக இருந்ததை, ஆள் நல்ல பருமன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாஸ், லாஸ்ட் சான்ஸ் லா."

என் விரலுக்கு அந்த ஒரு வேகம்தான் தெரியும். "நீங்க இறங்கி வாங்கடா" என்று கெஞ்சினேன். வேலு திட்டிக்கொண்டே ஒரு கட்டை இறங்கினான். டிரம்ஸும் நடையைக் குறைத்தது.

சேவியர் அண்ணன் வாயைத் திறந்தார். எப்போதும் உச்சத்தில் கிழியும் அவர் தொண்டை, அன்றைக்கு வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தை மறந்தார். வேலை கிடைத்தது.

நான் கற்ற பாடம் இதுதான்: தனியாக எவ்வளவு பழகினாலும், கூட வாசிக்கிறவனோடு ஒருமுறையாவது சுருதி சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் புது பேட்டரி போட வேண்டும்.

மறுவாரம் சேவியர் அண்ணன் இன்னொரு கேசட்டோடு வந்தார். நான் பெருமையாகப் புது பேட்டரிகளைக் காட்டினேன். பிடுங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ பழசுலயே பழகு தம்பி. இந்தப் பாட்டு இன்னும் உச்சத்துல போகுது."