அணைக்கிற கை

இந்தக் கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. சுவர்கள் அட்டை போல மெல்லியவை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எனக்குக் கேட்கும், அவர் செருப்பைக் கழற்றிப் போடுவதும் கேட்கும். ஆனால் பிரான்சுக்கு வந்த இந்த ஆறு வருஷத்தில், ஒரு பிள்ளை அடி வாங்கி அழுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எனக்கு முதல் மாதம் முழுக்க இதுதான் பயம். இவ்வளவு அமைதியாக இருக்கிறார்களே, உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். அப்போதே செல்வி, என் மனைவி, தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அவங்க வந்து நம்மளப் புடிச்சிக் குடுத்துடப் போறாங்க" என்றாள். அது பிறகு கிட்டத்தட்ட நடந்துவிட்டது.

நான் வளர்ந்தது முதலியார்பேட்டையில், மில்லை ஒட்டிய வரிசை வீடுகளில். பகல் ஷிப்டு விட்டு ஆண்கள் வீடு திரும்பி அரை மணிக்கெல்லாம் அடி தொடங்கும். எந்த வீடு என்று சத்தத்தை வைத்தே சொல்லுவோம். விறகுக் கட்டை ஒரு வீடு, அலுமினியச் சட்டி ஒரு வீடு. எங்கள் வீட்டுச் சத்தம் வார். தறியில் தேய்ந்து கழித்துப் போட்ட தோல் வார் ஒன்றை அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்து காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தார். மேஸ்திரி அவரை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்த நாளில் அது அம்மாவின் முதுகில் இறங்கியது. அம்மா இடது முழங்கையைத் தூக்கி முகத்தை மட்டும் மறைத்துக்கொள்வாள். முதுகை ரவிக்கை மூடிவிடும், முகத்துக்கு ஊரிடம் பதில் சொல்ல வேண்டுமே. ஒருமுறை முழங்கை எழும்புவதற்குள் உதடு கிழிந்துவிட்டது. மறுநாள் தண்ணீர்க் குழாயில் கேட்டவர்களிடம், "கதவுல இடிச்சிக்கினேங்க்கா" என்றாள். "உங்க ஊட்டுக் கதவுக்குக் கை மொளச்சிருக்காடி?" என்று ஒருத்தி கேட்க, குழாயடியே சிரித்தது. கிழிந்த உதட்டோடு அம்மாவும் சிரித்தாள்.

அம்மா என்னை அடிப்பாள். அடித்து முடித்ததும் மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்ப்பாள். "அடிக்கிற கைதான்டா அணைக்கும்" என்பாள். முதுகு எரிய எரியத் தலையில் அந்த விரல்கள் ஊர்வது சுகமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் பிரம்பு, அங்கே பேன் பார்க்க ஆளில்லை. ஆறாவதோடு ஓடிவந்துவிட்டேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன்கூடை தூக்கினேன். பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவின் மகளைக் கட்டியதில் எனக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை.

என் மகள் அமுதாவுக்கு ஏழு வயதானபோது அது நடந்தது. பள்ளிக்கூட வாசலில் என் கையை உதறிவிட்டு, தோழியைப் பார்த்த சந்தோஷத்தில் ரோட்டில் பாய்ந்தாள். ஒரு லாரி அவளுக்கு ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. எனக்குக் காலில் உயிர் இல்லை, கையில் மட்டும் இருந்தது போலிருக்கிறது. அறைந்தேன். சின்னக் கன்னம், நாலு விரலும் பதிந்துவிட்டன. "இனிமே ரோட்டுல ஓடின, கொன்னு போட்டுடுவேன்" என்றேன். நம்மூரில் இதை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லுவோம், யாரும் செத்ததில்லை. கன்னத்தைப் பார்த்த வாத்தியாரம்மா விசாரித்தபோது, அமுதா நான் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள்.

நாலாம் நாள் ஒரு மதாம் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் சரியாக வளர்க்கப்படுகிறார்களா என்று பார்க்கும் அதிகாரி. எங்கள் பிரெஞ்சு கடைக்குத்தான் ஆகும், அதனால் அமுதாவே நடுவில் உட்கார்ந்து சொல்லவேண்டி வந்தது. அடி வாங்கியவளே அடித்தவனுக்கு மொழிபெயர்த்தாள். அந்த மதாம் கெட்டவர் இல்லை. ஏன் அடித்தீர்கள் என்று நிதானமாகத்தான் கேட்டார். லாரியைச் சொல்லலாம், பயத்தைச் சொல்லலாம், எதுவும் வாயில் வரவில்லை. அம்மா சொன்னதுதான் வந்தது: "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லும்மா."

அமுதா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். மதாமின் பேனா நின்றது. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போய், எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா சொன்ன?"

"நீ சொன்னததாம்ப்பா சொன்னேன். அடிக்கிற கை எத்தேந்த்ர் பண்ணிடும்னு."

"அப்படின்னா?"

"அணைக்கிறதுப்பா. லைட்ட அணைக்கிற மாதிரி."

அவளுக்கு அந்த ஓர் அணைதான் தெரியும். தினமும் படுக்கப்போகும்போது அவள் அம்மா சொல்கிற "லைட்ட அணை". இன்னோர் அணை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. கையிலும் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கை உன்னை ஒருநாள் அணைத்துவிடும் என்று அப்பன் சொன்னதாகப் பிள்ளை சொன்னால், அவர் என்னதான் எழுதுவார்? கடிதம் வந்தது. ஒரு வருஷம் எங்களைக் கவனிப்பார்கள். உடம்பில் இன்னொரு தழும்பு தெரிந்தால், பிள்ளையை எடுத்துப்போய் வேறு குடும்பத்தில் வைப்பார்கள்.

அந்த வருஷம் முழுக்க நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் குரங்குகளைக் காட்டினார்கள். பெரியது ஒன்று நடுவாந்திரத்தைக் கடித்தது. அது திரும்பி ஒரு குட்டியைக் கடித்தது. சற்று நேரத்தில் கடித்த அதுவே குட்டியை இழுத்து வைத்துப் பேன் பார்த்தது. "மனுசங்க வர்றதுக்கு முன்னாடியே இது இருந்துச்சாம்ப்பா" என்று அமுதா எனக்குச் சொன்னாள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற கையை நான் எப்படி நிறுத்துவேன்? பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தும்மினார். அவரும் அதே குரங்கிலிருந்துதானே வந்திருப்பார், அவர் வீட்டில் அடிச்சத்தம் இல்லையே என்று தோன்றியது. படிக்காதவன் யோசனை, தப்பாகவும் இருக்கலாம்.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஊருக்குப் போனோம். அம்மா அப்போது உயிரோடு இல்லை. அப்பா மில்லை விட்டு வீட்டோடு இருந்தார். போன மூன்றாம் நாள் அமுதா காற்றாடி ஒன்றைத் துரத்திக்கொண்டு கடலூர் ரோட்டில் ஓடினாள். அரியாங்குப்பம் போகிற பஸ் பிரேக் போட்டு நின்றது. குளித்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு ஈரத்தோடு ஓடிவந்தேன். அதற்குள் அப்பா அவளைக் கூடத்துக்கு இழுத்துவந்து ஆணியிலிருந்து வாரை எடுத்திருந்தார். ஒரு வீச்சு. கெண்டைக்காலில் சிவப்பாக ஒரு கோடு எழும்பியது. கோடு எனக்குத் தெரியவில்லை, மதாமின் பேனாதான் தெரிந்தது. பிள்ளை போச்சு என்று கத்திக்கொண்டு வாரைப் பிடுங்கினேன்.

"பஸ்ஸுல வுழுந்து சாவறதுக்குப் பாத்துச்சிடா அது" என்றார் அப்பா.

நான் அவரை அடித்தேன். தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. சத்தம் அதே சத்தம். நாலாவதுக்குக் கை ஓங்கியபோது, அந்தக் கிழவர் இடது முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அம்மா தூக்கியது போலவே. அவரை யார் அடித்து அப்படித் தூக்கக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. வார் கீழே விழுந்தது. வாசலில் தெரு கூடிவிட்டது.

"அடிடா வெள்ளைக்காரா, ஏன் நிறுத்திட்ட?" என்றார் முழங்கைக்குப் பின்னாலிருந்து.

அமுதா காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "அப்பா, அடிச்சிட்ட இல்ல? இப்ப அணை" என்றாள். இன்னோர் அர்த்தத்தைச் செல்வி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எனக்கு முப்பத்தைந்து வயது. அப்பாவை நான் தொட்டதே இல்லை. இரண்டடி தூரம்தான். நான் போகவில்லை. அவரும் முழங்கையை இறக்கவில்லை.

திரும்பி வருவதற்குள் கோடு மறைந்துவிட்டது. தினமும் தேங்காயெண்ணெய் தடவினேன். கடைசி முறையாக மதாம் வந்தார். கால், கை, முதுகு எல்லாம் பார்த்தார். பிறகு அமுதாவிடம் கேட்டார்: "ஊரில் யாராவது அடித்தார்களா? அப்பா யாரையாவது அடித்தாரா?" இந்த அளவு பிரெஞ்சு எனக்குப் புரிந்துவிட்டது. என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, "நோன், மதாம்" என்றாள். அந்தச் சிரிப்பை நான் குழாயடியில் பார்த்திருக்கிறேன்.

மதாம் ஃபைலை மூடினார். முதல்முறையாக என் கையைக் குலுக்கி, காப்பி இருந்தால் குடிக்கிறேன் என்றார். பிள்ளை எங்களுக்கே. செல்வி அழுதுகொண்டே காப்பி கலந்தாள். சர்க்கரை டப்பா மேல்தட்டில் இருந்தது. நான் எழுந்து கையைத் தூக்கினேன். மேசையோரம் அமுதாவின் இடது முழங்கை விருட்டென்று எழும்பி முகத்தை மறைத்தது. மதாம் குனிந்து ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. டப்பாவை எடுக்கவும் முடியாமல் கீழே இறக்கவும் முடியாமல் அந்தக் கை அங்கேயே நின்றது.