கதவைத் தட்டாத மனிதர்

வேப்பந்தட்டையில் கிராமச் செவிலியராகச் சேர்ந்த புதிது. தொண்ணூற்றெட்டாக இருக்கலாம். தனியறை எடுத்துத் தங்கியிருந்தேன். மீட்டிங்குக்காகப் பெரம்பலூர் போகும்போதெல்லாம் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வருவேன். அப்படி ஒரு தடவை கைக்கு வந்தது அந்த நாவல்.

கதை சின்னதுதான். யாருமில்லாத ஒரு குமாஸ்தா. இளமையில் தன்னிடம் அன்பாக நாலு வார்த்தை பேசிய பெண்ணை, ஐம்பது வயதுக்கு மேல் தேடிக் கிளம்புகிறார். ஊர் ஊராக விசாரித்து அலைந்து, கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அவர் கதவைத் தட்டாமல் திரும்பிப் போய் பஸ் ஏறிவிடுகிறார். அவ்வளவுதான்.

ஏன் தட்டவில்லை? எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கார அக்காவிடம் கதையைச் சொல்லிக் கேட்டேன். "பயந்துட்டாரு, வேறென்ன?" என்றார். புத்தகத்தைப் புதுப்பிக்கப் போனபோது நூலகரிடம் கேட்டேன். "தட்டியிருந்தா நீங்க இப்படிக் கேட்டுக்கிட்டு நிப்பீங்களாம்மா?" என்று சிரித்தார்.

எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூட ஹாஸ்டலில் பக்கத்துப் பாய்க்காரி. கல்யாணமாகி உடையார்பாளையம் போனவள், இரண்டு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாலு வருஷக் கோபம் எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய் பஸ் மாறி, விசாரித்து, அவள் வீட்டு முன்னால் போய் நின்றேன்.

உள்ளே முந்திரிக் கொட்டை உடைக்கிற சத்தம். நடுவில் யாரையோ கேலி செய்யும் அவள் குரல். என் கை எழவில்லை. அவள் என்னை மறந்திருப்பாளோ என்ற பயமில்லை. நான் இல்லாமலே சந்தோஷமாக இருக்கிறாளே என்றுதான் இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"யாரும்மா, யாரு வேணும்?" பின்னால் தண்ணீர்க் குடத்தோடு அவள் மாமியார். இனி எங்கே திரும்புவது?

அவள் எழுந்து வந்தாள். கொட்டைப் பால் பட்டுக் கை கறுத்திருந்தது. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "ஏய், நீயாடி!"

சாப்பிட்டு முடித்ததும் கேட்டே விட்டேன், ஏன் எழுதவில்லை என்று.

"நீ நர்சு ஆயிட்ட. நான் கொட்டை உடைக்கிறேன்னு எழுதச் சொல்றியா?"

எதையாவது பேச வேண்டுமே என்று அந்த நாவலைச் சொன்னேன். கொட்டை உடைத்துக்கொண்டே கேட்டவள், முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"அவரு தட்டலன்னு இவ்ளோ வருத்தப்படுறியே, அந்தம்மா என்ன நெனச்சிக்கிட்டு இருந்துச்சாம்? அதப் பத்தி ஒண்ணும் போடலயா?"

தெரியவில்லை. நான் அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பி முதலிலிருந்து படித்தேன், இந்த முறை அந்தப் பெண்ணுக்காக மட்டும். புத்தகம் முழுக்க அவள் மூன்றே இடத்தில்தான் பேசுகிறாள். ஓரிடத்தில், ஊருக்குப் போனால் கடிதம் போடுவீர்களா என்று அவரிடம் கேட்கிறாள். போடுவேன் என்கிறார். போட்டதாக எங்கேயும் இல்லை. முதல் தடவை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இதை அப்படியே உடையார்பாளையத்துக்கு எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. "அப்படின்னா தப்பு அந்தாளு மேலதான்" என்று முதல் வரி. பிறகு மூன்று பக்கத்துக்குத் தன் மகன் பல் முளைத்துப் படுத்தும் பாட்டை எழுதியிருந்தாள்.