கிளிமஞ்சாரோ: உச்சிக்கு 745 மீற்றர் கீழே

இந்தப் பயணத்தை 2008 ஒக்ரோபரில் பதிவு செய்தோம். நானும் ரதியும். பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதி, ஒரே வகுப்பு. பட்டம் முடிந்ததும் ஏதாவது பெரிய மலை என்று பேசிப் பேசி, ஆபிரிக்காவின் மிக உயர்ந்ததையே தெரிவு செய்தோம். 2009 ஜூன் கடைசியில் நான் மட்டும் போனேன்.

இடையில் நடந்தது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். ஜனவரியில் சின்ன மாமாவின் கடைசி போன், வன்னியிலிருந்து. அம்மாவின் ஒரே தம்பி. எப்போது பேசினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்க கனடாவில இண்டைக்கு எத்தினை பாகை குளிர்?" சொன்னால் நம்பமாட்டார். சிரிப்பார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வசந்தம் முழுக்கப் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோ வீதிகளில் நின்றோம். மே மாதத்தில் இலங்கையில் போர் முடிந்தது. பிறகு முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அம்மா எல்லாவற்றிலும் தேடினார். மாமாவின் பெயர் இல்லை.

"எனக்கு ஏலாதடி. நீ போறதெண்டால் போ," என்றாள் ரதி.

அம்மாவிடம் கேட்டேன். "காசு கட்டினதுதானே. போட்டு வா. இங்க இருந்து என்னத்தைச் செய்யப் போறாய்? போன் வந்தால் நான் எடுப்பன்."

போன் சத்தம் கேட்காத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

முதலில் கணக்கு. ரொறன்ரோவிலிருந்து அம்ஸ்ரடாம் வழியாகக் கிளிமஞ்சாரோ விமானநிலையம், போக வர 1,870 கனேடிய டொலர். ஆறு நாள் ஏற்றம், மரங்கு பாதை, 1,390 அமெரிக்க டொலர்: வழிகாட்டி, சமையல்காரர், மூன்று சுமைகாரர், குடில், சாப்பாடு, பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து. விசா 50. எல்லோருக்குமாக அன்பளிப்பு 210. நித்திரைப் பையும் தடித்த மேலங்கியும் மோஷி நகரில் வாடகைக்குக் கிடைக்கும். கனடாக் குளிரைத் தெரிந்தவர்கள் பயப்படத் தேவையில்லை. ஆனால் கையுறை உங்களுடையதாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை 11.20க்கு மரங்கு வாசலில் பெயர் எழுதினேன். 1,860 மீற்றர். அலுவலரின் பட்டியலில் எனக்கு அடுத்த வரியில் ரதியின் பெயர் முன்கூட்டியே அச்சிட்டு இருந்தது. அலுவலர் ஒரு கோடு போட்டார்.

வழிகாட்டியின் பெயர் இம்மானுவேல். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எத்தனை தடவை ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"எண்ணுவதை விட்டபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்."

முதல் நாள் எட்டுக் கிலோமீற்றர், மழைக்காடு, நான்கு மணித்தியாலம். ஈரம். பாசி தொங்கும் மரங்கள். மண்டாரா குடில்கள் 2,720 மீற்றரில். இருவருக்கான கட்டில்கள். ஒன்றில் நான், மற்றதில் என் பை.

ஒவ்வொரு மாலையும் இம்மானுவேல் ஒரு சிறிய கொப்பியோடு வருவார். நான்கு கேள்விகள். தலைவலி? சாப்பாடு? தூக்கம்? சிறுநீர்? நான்கிற்கும் "ஃபைன்" என்றேன். இரண்டாம் நாள் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்து ஹொரொம்போவுக்கு, 3,720 மீற்றருக்கு, வந்தபோதும் அதே பதில்.

"பக்கத்துக் குடிலில் இருக்கும் தம்பதி ஒரு கால் கொப்புளத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுகிறார்கள்," என்றார். "நீ ஒரு சொல். உன்னைப் போல எல்லோரும் வந்தால் எனக்குக் கொப்பியே தேவையில்லை, மிஸ் ஃபைன்."

அதன் பிறகு சமையல்காரரும் என்னை மிஸ் ஃபைன் என்றுதான் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் அதுதான் பதில். ஒண்டுமில்லை. நான் விடுதியில் இருந்து பரீட்சை எழுதிய நாட்களில் அப்பாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்குச் சொன்னது கடைசிப் பரீட்சை முடிந்த பின்னேரம். பயணத்தில் இருப்பவர்களுக்கும் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. யாரும் மீறியதில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு. ஹொரொம்போவிலேயே நிற்க வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு. காலையில் நாலாயிரம் மீற்றர் வரை ஏறிவிட்டு இறங்கினோம். இறங்கும்போது வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. சிறிது.

குடில்களுக்குக் கீழே ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறினால் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். சுமைகாரர்கள் மாலையில் அங்கே வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவார்கள். போன் கேட்காத இடத்துக்கு வந்தவள் நான். மோஷியில் வாங்கிய சிம்மோடு அந்த வரிசையில் நின்றேன். ஆறு மணி. ரொறன்ரோவில் காலை பதினொன்று.

"என்ன பிள்ளை, சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா. ஏதும் தெரிஞ்சுதோ?"

"ஒண்டுமில்லை. நீ கவனமா நட. குளிரோ அங்க?"

"பரவாயில்லை. என்ன சமையல்?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"பதினாறாம் மாடி அன்ரி புட்டு அவிச்சுக் கொண்டுவந்து தந்தவ. சரி பிள்ளை, காசு போகும். வை."

ஞாயிறு பதினொரு மணிக்கு, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினான்காம் மாடி வீட்டில், அம்மா ஒரு கிழமைக்கான குழம்புகளை வைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் போன் எடுத்தால் அகப்பைச் சத்தத்துக்கு இடையில்தான் பேசலாம். காய்ச்சலிலும் சமைத்திருக்கிறார். அன்று சத்தமே இல்லை. அம்மா அடுப்பு மூட்டவில்லை. எங்களில் சாவுச் செய்தி வந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள்.

பாறையிலிருந்து இறங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற சுமைகாரர் ஏறினார். யாரிடமோ பேசிச் சிரித்தார்.

இம்மானுவேல் கொப்பியோடு வந்தார். தலைவலி?

"ஃபைன்."

நாலாம் நாள் கீபோ குடில். 4,720 மீற்றர், ஒன்பதரைக் கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். இரு சிகரங்களுக்கு நடுவே மரமில்லாத ஒரு பெருவெளி. இவ்வளவு வெறுமையான இடத்தை நான் பார்த்ததில்லை. முன்னால் போனவர்கள் அரை மணித்தியாலம் நடந்தும் அதே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தார்கள். வலி இரண்டு கண்களுக்கும் பின்னால் வந்திருந்தது. சூப்பைக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினேன். வெள்ளைக் கழுத்துக் காகங்கள் வந்தன. தலைவலி? ஃபைன். சாப்பாடு? ஃபைன்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் பாதி. மற்றப் பாதி, ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் மற்றதும் வந்துவிடும்.

உச்சிக்கான நடை இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். உறைந்த சரளையில் கால் வைப்பது லேசு. சறுக்காது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. மாமா, பதினொன்று. நம்பமாட்டீர்கள். முன்னால் இம்மானுவேலின் சப்பாத்து, அதன் மேல் என் விளக்கின் வட்டம். வேறு எதுவும் இல்லை.

2.40க்கு ஒரு குகைவாயில். 5,150 மீற்றர். உட்காராமல் வாந்தி எடுத்தேன். இம்மானுவேல் தன் கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கீறினார்.

"இதன் மேல் நட. குதிகால், விரல். குதிகால், விரல்."

மூன்றாவது அடியில் விழுந்தேன்.

"தலைவலி எத்தனை நாளாக?"

"ஞாயிறிலிருந்து."

அவர் கோபப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. கொப்பியை வெளியே எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

"ஞாயிறன்று சொல்லியிருந்தால் ஹொரொம்போவில் இன்னொரு நாள் நின்றிருப்போம். சாதாரண விஷயம். நீ மேலே போயிருப்பாய். இப்போது இறங்கு."

என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். கீபோவுக்குக் கீழே, விடிந்தபோது, வலி குறையத் தொடங்கியது. உண்மையில் அதற்கு மருந்து இறக்கம்தான். அங்கேதான் சொன்னேன். மாமா இறந்துவிட்டார், வீட்டில் எனக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று. முதன்முதலாக வாய்விட்டு, அதுவும் ஆங்கிலத்தில்.

"அம்மாவுக்கு மூத்தவரா, இளையவரா?"

"இளையவர்."

தலையாட்டினார். சுமார் ஒரு கிலோமீற்றர் நடந்தோம். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஐந்து நாள் திட்டம் மலிவு, எடுக்காதீர்கள். முடிந்தால் ஹொரொம்போவில் இரண்டு இரவு, மூன்றென்றால் இன்னும் நல்லது. மெல்ல நடவுங்கள், முந்திப் போனவர்களைத்தான் மறுநாள் இறக்கிக்கொண்டு வந்தார்கள். நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைத்தால் வாய் உறையாது. தனியாகப் போகலாம், பெண்கள் உட்பட. எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. கொப்பியோடு ஒருவர் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்தேன். அப்பா வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அம்மா குளிக்கச் சொன்னார். குளித்தேன். சோறு போட்டார், கத்தரிக்காய், பருப்பு. மீன், இறைச்சி என்று மச்சம் ஏதும் இல்லை. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடியக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு வாயையும் மெதுவாகச் சாப்பிட்டேன்.

"உச்சிக்குப் போனனியே?"

"இல்லை அம்மா. எழுநூற்று நாற்பத்தைஞ்சு மீற்றர் கிடக்கத் திருப்பிப் போட்டாங்கள். தலையிடி. ஞாயிற்றுக்கிழமையில இருந்து. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

கேட்டுவிட்டு அம்மா அப்படியே நின்றார். நானும் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. யாராவது சாப்பிடும்போது அம்மா உட்கார்ந்ததே இல்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார்.

என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. அம்மா சொல்லத் தொடங்கினார்.