பேச்சுக்கு க்ளெய்ம் கிடையாது

சென்ற வாரம் மும்பை செம்பூரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். கவுன்ட்டரில் நம் தமிழ்ப் பெண்.

"அட்மிட் ஆனாத்தான் க்ளெய்ம், அங்கிள். உக்காந்து பேசுறதுக்கெல்லாம் கிடையாது."

"அட்மிட் ஆகக் கூடாதுன்னுதாம்மா பேசறான்."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அதுக்கு இதுல ஆப்ஷன் இல்லியே, அங்கிள்."

பேசுகிறவன் என் மகன். முப்பது தாண்டியவன், ஆட்டிசம் உள்ளவன். மாதுங்காவில் எங்களோடு இருக்கிறான். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை. போன வருஷம் சாப்பிடும்போது சொன்னான்: "அப்பா, எனக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு தோணறது."

நான் என்ன செய்தேன்? மோரை ஊற்றிக்கொண்டே, "ஆபீஸ் போன காலத்துல எனக்கும் தினம் தோணித்துடா" என்றேன்.

நம் வீடுகளில் யார்தான் சாவதில்லை? வெயிலில் செத்தேன், கூட்டத்தில் செத்தேன், சிரித்தே செத்தேன்... அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டேன். ஆனால் அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்றால் ஆறாவது நிமிஷம் ஃபோன் செய்கிற பையன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாது. படித்த மனுஷன் எனக்கு அது உறைக்கவில்லை. அவன் அம்மாவுக்கு உறைத்தது. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் தெரபிக்கு, அதாவது உட்கார்ந்து பேசுகிற சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்தார்.

ஆட்டிசம் புரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது லேசில்லை. முதலில் பார்த்தவர், "முதல்ல என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று ஒரு மணி நேரமும் அவனோடு மல்லுக்கட்டினார். இப்போதைய அம்மாள் தேவலை; வாரா வாரம் வியாழக்கிழமை பார்க்கிறார். ஃபீஸ்தான் கையைக் கடிக்கிறது.

"பேசறதுக்கு ஃபீஸா, அத்திம்பேர்?" என்கிறான் என் மச்சினன். "என்கிட்ட அனுப்புங்கோ, ஃப்ரீயா பேசறேன்."

பேசுவான். கேட்கத்தான் மாட்டான்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி — கொடுக்கிற காசுக்குப் பிரயோஜனம் உண்டா? நானும் ஆயுள் பூரா கம்பெனியில் செலவுக் கணக்குப் பார்க்கிற காஸ்டிங் டிபார்ட்மென்ட்டில் இருந்தவன், கேள்வி தப்பில்லை. ஆனால் ஐ.சி.யூ. வாசலில் நின்று யாராவது இப்படிக் கேட்கிறார்களா? அங்கே மட்டும் வாய் பேசாமல் கார்டை நீட்டுகிறோம். அந்த வாசல் வரை போகாமல் தடுக்கிற செலவுக்குத்தான் இத்தனை விசாரணை.

அன்று இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து எரிச்சலோடு வீடு திரும்பி, அவனிடமே கேட்டேன். "தெரபில பிரயோஜனம் இருக்காடா?"

யோசித்தான். "தெரியலை. ஆனா வியாழக்கிழமை வரைக்கும் இருக்கணும்னு தோணறது."

பிறகு கேட்டான்: "அடுத்த வியாழக்கிழமைக்கு புக் பண்ணிட்டியா?"

பண்ணியாச்சு — இந்த வருஷத்து வியாழக்கிழமை அத்தனையும்.