சடையன் படித்த இங்கிலீஷ் நோட்டீசு

தேயிலைத் தோட்டத்துத் துரை ஒட்டிய நோட்டீசை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சடையன்தான் படித்துச் சொன்னான்.

"படம் காட்டுற வேன் பைவீக்லி வருமாம். வாரத்துக்கு ரெண்டு தடவ! முந்தாநேத்து வந்துச்சே, இன்னைக்கும் வரும்!"

மாலையில் லயமே கம்பளி போர்த்திப் பனியில் காத்திருந்தது. வேன் வரவில்லை.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா சிரித்தார். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவதான்யா. அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தமும் இருக்கு."

சடையனுக்கு இன்று நல்ல ஏச்சு விழும் என்று, படிக்கத் தெரியாத நான் மகிழ்ந்தேன். என் மனைவியோ அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

"குடிங்கண்ணே. ரெண்டு அர்த்தமுள்ள சொல்லையே படிச்சிட்டீங்களே!"

எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று, இந்தக் கதையை நானே எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாசித்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அவள் காதில் விழும்படி பாராட்டிவிட்டுப் போங்கள்.